காலி வரியில் இருப்பவர்கள்

ஜூன் 3, திங்கள்

பிரஷர் 150/100. டாக்டர் அம்மா மாத்திரையை எழுதிக்கொண்டே, "ஆபீஸ்ல யார்கிட்டயாவது கத்துவீங்களா?" என்று கேட்டார். கத்தினால் வேலை போய்விடும் என்றேன். "அப்ப எழுதுங்க. எழுதி மூடி வச்சிருங்க. உள்ளேயே வச்சிருந்தா இதுதான் ஏறும்" என்று மெஷினைக் காட்டினார். எலாஸ்டிக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி மேஜையில் சும்மா கிடந்தது. அதுதான் இது.

முதல் கத்தல் தயாளன் சாருக்கு.

எங்களுடையது பெண்களின் உள்ளாடையும் நைட்டியும் விற்கிற கடை. தலைமை ஆபீஸ் மதுரையில், தென் மாவட்டங்களில் ஏழு கிளை. எது எங்கே விற்றது என்று எக்செல்லில் அறிக்கை போடுவது என் வேலை. பதினோரு வருடமாகப் போடுகிறேன். தயாளன் சார் ஜெனரல் மேனேஜர். அவர் போடுவது கையெழுத்து.

போன வாரம் முதலாளி ஒரு கேள்வி கேட்டார். "வருஷத்துக்கு எத்தனை பில்லுன்னு எனக்குத் தெரியும். எத்தனை பேர் நம்மகிட்ட வாங்குறாங்க? தலை எத்தனை?" நல்ல கேள்வி. பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஒரு போன் நம்பரை ஓர் ஆள் என்று வைத்து, எக்செல்லில் வகைபிரித்து எண்ணித் தருகிற பிவட் டேபிளில் மாதவாரியாகப் போட்டுக் கொடுத்தேன். ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை பன்னிரண்டு எண். அடியில் மொத்தம் 21,380.

தயாளன் சார் கால்குலேட்டரை எடுத்துப் பன்னிரண்டையும் கூட்டினார். 58,410 வந்தது.

"என்னம்மா இது, எக்செல்லுக்குக் கூட்டத் தெரியலையே? அடியில இருக்கறதை அழிச்சிட்டு இதை டைப் பண்ணு."

சார், ஏப்ரலில் வந்த பொம்பளையே மே மாதமும் வந்தால் இரண்டு மாதத்திலும் ஒருமுறை எண்ணப்படுவாள், வருடத்துக்கு அவள் ஓர் ஆள்தான், கூட்டக் கூடாது என்றேன். "ஏம்மா, மாசத்தைக் கூட்டினாத்தானே வருஷம்?" என்றார். மாசத்தைக் கூட்டினால் வருஷம்தான். மனுஷியைக் கூட்டினால்? அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் முப்பது நாளும் வருகிறார். முப்பது பால்காரரா? இதை நான் கேட்கவில்லை. இங்கே கேட்டுவிட்டேன்.

பிரஷர் இறங்கியதா தெரியவில்லை.

ஜூன் 5, புதன்

டைப் பண்ணவில்லை. முதலாளிக்கே நேராக அனுப்பிவிட்டேன். கீழே விளக்கமும் எழுதினேன்: சாதாரணப் பிவட்டில் 'கவுண்ட்' போட்டால் பில்லைத்தான் எண்ணும், டேபிள் போடும்போதே டேட்டா மாடலில் சேர்க்கச் சொல்லி ஒரு டிக் அடிக்க வேண்டும், அப்போதுதான் 'டிஸ்டிங்க்ட் கவுண்ட்' என்பது பட்டியலின் கடைசியில் தலைகாட்டும், அது ஒவ்வொரு ஆளையும் ஒருமுறைதான் எண்ணும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி காயப்போட்டுவிட்டு யூடியூப் பார்த்துக் கற்றது.

என் ஷீட் சுத்தமாக இருப்பதற்கும் நான்தான் காரணம். முன்பெல்லாம் பாதிப் பில்லில் நம்பர் இருக்காது. பிவட்டில் 'காலி' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும், அதில் ஆயிரக்கணக்கில் பில் கிடக்கும். பார்க்கவே பற்றிக்கொண்டு வரும். இரண்டு வருடத்துக்கு முன் சாப்ட்வேர்காரரிடம் சொல்லி, பத்து இலக்கம் போட்டால்தான் பில் பிரிண்ட் ஆகும் என்று மாற்ற வைத்தேன். அன்றோடு காலி வரி ஒழிந்தது.

சாயங்காலம் இவர், "நேத்து நானூத்தி எண்பதுக்கு உங்க கடையில எதுக்கு வாங்கின?" என்றார். பில் மெசேஜ் வந்திருக்கும். சொன்னேன். "ரெண்டு போதாதா, மூணு எதுக்கு?" என்றார். அதற்கும் சொன்னேன். கேஸ், ஸ்கூல், கடை எல்லாவற்றுக்கும் இவர் நம்பர்தான். கல்யாணமான புதிதில் இவரே சொன்னது. "உன் நம்பரைக் கொடுத்தா கண்ட மெசேஜும் வந்து தொந்தரவு பண்ணும்." வசதிதான்.

ஜூன் 7, வெள்ளி

மீட்டிங். முதலாளி என் ஷீட்டைப் பெரிய திரையில் போட வைத்து, "இந்தம்மா சொல்றதுதான் சரி" என்றார். தயாளன் சார் தண்ணீர் குடித்தார். முழு பாட்டிலையும்.

பிறகு முதலாளி கிளைவாரியாகப் பிரிக்கச் சொன்னார். அங்கேயே பிரித்தேன். பைபாஸ் ரோடு கிளை 5,912 பேர், முதலிடம். கடைசியில் சங்கரன்கோவில். பில் 13,906. ஆள் 643.

இத்தனை வருடமும் பில்லை எண்ணி சங்கரன்கோவிலை மூன்றாம் இடத்தில் வைத்திருந்தோம்.

"அறுநூத்துச் சொச்சம் பேருக்கு ஒரு கடையா?" என்றார் முதலாளி. கட்டட ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறதாம். தயாளன் சார் உடனே பெரிய கண்டுபிடிப்பு மாதிரி, "மூடிரலாம் சார்" என்றார். அங்கே மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அதை யாரும் பேசவில்லை. நானும்தான். என் பெயர் மீட்டிங்கில் நான்கு முறை சொல்லப்பட்டது.

ஜூன் 11, செவ்வாய்

எனக்கு ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. 643 பேர் 13,906 முறை வாங்குவார்களா? ஆளுக்கு வருடத்தில் இருபத்தொரு முறை. எந்த ஊர்ப் பெண் வருடத்தில் இருபத்தொரு முறை உள்ளாடை வாங்குகிறாள்? நம்பர்களைப் பில் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினேன்.

முதல் வரியில் ஒரே நம்பர். அதன் எதிரே 10,988 பில்.

அந்த நம்பரைக் கூப்பிட்டேன். "வணக்கம், மாரிக்கனி பேசுதேன்" என்றது. சங்கரன்கோவில் கிளைப் பொறுப்பாளர்!

சொந்த நம்பரைப் போட்டிருக்கிறாள். நாளுக்கு முப்பது பில்லில். வருகிறவளிடம் நம்பர் கேட்கக்கூட வாய் வலிக்கிறது. வாடிக்கையாளரை எண்ணுவதற்காக நான் உயிரைக் கொடுத்து ஒரு முறை கொண்டுவந்தால், அங்கே ஒருத்தி உட்கார்ந்துகொண்டு தன் நம்பரைத் தட்டித் தட்டி ஊரையே ஒரே ஆளாக்கி வைத்திருக்கிறாள். அந்தச் சூட்டிலேயே கிளைக்கு மெயில் போட்டேன், தயாளன் சாருக்கும் காப்பி. 'பொய்த் தகவல்', 'அலட்சியம்', 'கடும் நடவடிக்கை' மூன்றும் அதில் உண்டு.

ஜூன் 14, வெள்ளி

மாரிக்கனிக்கு மெமோ போய்விட்டது. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை நீக்கம். 643க்குப் பதில் வேறு எண் இல்லாததால் கிளை எப்படியும் மூடுகிறது, இவளை மட்டும் மற்ற ஊருக்கு மாற்றத் தேவையில்லை என்று தயாளன் சாருக்கு ஒரே சந்தோஷம்.

நேரில் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வருகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார். ஏன், அவருக்குக் கால் இல்லையா? பெண்கள் கடையாம், ஆண் போய் உட்கார்ந்தால் நன்றாக இருக்காதாம். சம்பளம் வாங்கும்போது மட்டும் பெண்கள் கடை என்பது உறுத்துவதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

காலை ஆறு மணி பஸ். ஜன்னல் கண்ணாடி ஏறவில்லை, ராஜபாளையம் வரை தூசி. சங்கரன்கோவிலில் இறங்கும்போதே என்ன கேட்க வேண்டும் என்று பத்துக் கேள்வி தயாராக இருந்தது.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், வாட்ச் ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில். மாரிக்கனிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பயந்துபோய் நிற்பாள் என்று நினைத்திருந்தேன். "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல மோர் குடிங்க" என்றாள். என்னைவிட ஆறு வயதாவது மூத்தவள் என்னை அக்கா என்கிறாள். அதுவே எரிச்சல்.

"மோர் இருக்கட்டும். ஏன் உங்க நம்பரைப் போட்டீங்க?"

"அரை மணி நேரம் இங்க ஒக்காருங்க. பொறவு நானே சொல்லுதேன்."

கவுண்டருக்கு உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். மாரிக்கனி ஒரு நீள நோட்டைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து, எதுவும் கேட்காமல் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தாள். அவள் திறந்து பார்த்துத் தலையாட்டினாள். பில் போடும்போது மாரிக்கனி என் காதில் விழும்படியே கேட்டாள்: "நம்பரு?"

அந்தப் பெண் பதறிவிட்டாள். "என்னக்கா புதுசா கேக்கிய? எங்க வீட்டு அவ்வொ நம்பருதான் இருக்கு. போட்டுராதீங்க."

மாரிக்கனி திரையைப் பார்க்காமலே பத்து இலக்கத்தைத் தட்டினாள். பில் வந்தது. அடுத்த நொடி மேஜையில் அவள் போன் உதறியது. எடுத்து என்னிடம் காட்டினாள். 'தங்கள் கொள்முதலுக்கு நன்றி. மீண்டும் வருக.' கீழே என்ன பொருள், எத்தனை, என்ன விலை என்று எல்லாம். அந்த மெசேஜின் வாசகத்தை யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை.

"ஒரு நாளைக்கு முப்பது தடவ எனக்கு நன்றி சொல்லுதீங்க. சத்தத்த நிறுத்தி வச்சிருக்கேன்."

அரை மணியில் ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பேர் நம்பர் வேண்டாம் என்றார்கள். ஒருத்தி போனே இல்லை என்றாள், அவள் இடுப்பில் போன் தெரிந்தது. இன்னொருத்தி, "எங்க அத்தான் திருப்பூர்ல இருக்காவ, அங்க மெசேஜ் போயிரும்" என்றாள்.

கூட்டம் குறைந்ததும் மாரிக்கனி சொன்னாள்: "நம்பர் இல்லாம பில் வராதுன்னு நீங்க மாத்துன மொத மாசம் நானும் கேட்டு வாங்கித்தான் போட்டேன். விசைத்தறி செட்டுக்குப் போற ஒரு பிள்ள, மூணு எடுத்துட்டுப் போனா. மறுநா மாமியாரோட வந்து நிக்கா. புருசன் வேலைக்குப் போன எடத்துல மெசேஜ பாத்திருக்கான். யாருக்காவ வாங்குன, எதுக்கு இந்தக் கலருன்னு... அந்தப் பிள்ள வாயே தொறக்கல. மாமியா டப்பாவ இந்தா இங்கதான் வீசுனா. பொறவு அவ இந்தப் பக்கமே வரல. நான் அன்னைக்கு முடிவு பண்ணுனேன். எம் நம்பருக்கு வந்தா யாரு என்னைய கேக்கப் போறா?"

"வேற ஏதாவது பத்து நம்பரைத் தட்டியிருக்கலாமே?"

"அது எவன் போனுக்கோ போவும்லாக்கா. ஊரு பேரு தெரியாதவனுக்கு எதுக்கு நம்ம பிள்ளைக அளவு?"

என் பத்துக் கேள்வியில் ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவதைக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். "இதை ஏன் எங்களுக்கு எழுதல? எழுதியிருந்தா மாத்தியிருப்போம்ல?"

"எழுதுனேங்க்கா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, அந்தப் பிள்ள வந்துட்டுப் போன அன்னைக்கே. 'எல்லாக் கிளைக்கும் ஒரே விதிதான், விலக்கு இல்ல'ன்னு பதில் வந்துச்சு. நீங்கதான எழுதியிருந்திய."

அவள் அதைக் குற்றமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு மெயில் வந்ததாக நினைவில்லை என்றேன். மோரைக் குடித்தேன்.

கிளம்பும் முன் அந்த நோட்டைக் கேட்டேன். அளவு நோட்டாம், இந்த மாதிரி நான்கு இருக்கிறதாம். இங்கே யாரும் தன் அளவை வாய்விட்டுச் சொல்வதில்லை. வாசலில் அண்ணனோ அப்பாவோ நிற்பார்கள், வாட்ச் கடைக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் முதல்முறை வரும்போதே அளவெடுத்து எழுதிவிடுகிறார்கள். பெயரும் கேட்பதில்லை. 'மஞ்சப்பை டீச்சர்.' 'பூ மார்க்கெட் ரெட்டை மூக்குத்தி.' 'சிரிச்சுக்கிட்டே இருக்கிற சித்தி.' 'ஊமைத்துரை தெரு புதுப்பொண்ணு', அதை அடித்துவிட்டு 'ரெண்டு பிள்ளைக்காரி.' ஒவ்வொரு வரியிலும் அளவு. பக்கத்தில் அவள் வந்த மாதங்கள் சின்னச் சின்னதாக. மாதத்துக்கு மாதம் உடம்பு மாறும், பழைய அளவையே கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

ஓர் ஆளுக்கு ஒரு வரி. எதிரே மாதம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதுவே முதலாளி கேட்ட தலைக்கணக்கு என்று எனக்கு உறைத்தது. ராஜபாளையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனேன். நான்கு நோட்டையும் வாங்கி வந்தேன்.

ஜூன் 19, புதன்

பழைய மெயிலைத் தேடினேன். இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

மெயிலைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியவில்லை. ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். அந்த விசைத்தறிப் பெண்ணின் கதை முழுக்க இருக்கிறது. கடைசியில், 'விருப்பப்பட்டவங்க மட்டும் நம்பர் குடுக்கற மாதிரி செய்து தந்தால் நன்றாக இருக்கும்' என்று. பன்னிரண்டு நிமிடத்தில் நான் பதில் போட்டிருக்கிறேன். ஒற்றை வரி. அவள் சொன்ன அதே வரிதான்.

அன்றைக்கு எனக்கு மாதக் கடைசியாக இருந்திருக்கும், வேலை நெரித்திருக்கும். இப்படி நான்கு சமாதானம் யோசித்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. படிக்கவே இல்லை, அவ்வளவுதான். காலி வரி திரும்ப வந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு முக்கியம்.

நோட்டை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது நோட்டு பாதி.

ஜூன் 24, திங்கள்

மாரிக்கனியைக் கூப்பிட்டேன். "ரெண்டாவது நோட்டுல 'மஞ்சப்பை டீச்சர்', மூணாவதுலயும் 'மஞ்சப்பை டீச்சர்'. ஒரே ஆளா?"

"அளவு என்ன போட்டிருக்கு?"

சொன்னேன்.

"அது வேற மஞ்சப்பைக்கா. மொத ஆளு கரிவலம் ஸ்கூலு, இவ்வொ கான்வென்ட்டு."

இப்படி ஒரே நாளில் நாற்பத்தொரு சந்தேகம். ஒன்றுக்குக்கூட அவள் யோசிக்கவில்லை. எனக்கு என் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரே தெரியாது.

அவளுடைய விளக்கத்துக்குக் கெடு இன்றோடு முடிகிறது. ஜூலை 1 மீட்டிங்கில் முடிவெடுக்கலாம், அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று தயாளன் சாரிடம் போய்க் கேட்டேன். "நீதானேம்மா கடும் நடவடிக்கைன்னு எழுதின?" என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். ஆமாம். நான்தான்.

ஜூன் 26, புதன்

சந்தேகம் தொற்றிக்கொண்டது. முதலிடம் பிடித்த பைபாஸ் ரோடு கிளையில் கண்ணை மூடிக்கொண்டு இருபது நம்பரை எடுத்துக் கூப்பிட்டேன். ஐந்து நம்பர் உபயோகத்திலேயே இல்லை. ஆறு பேர் எடுக்கவில்லை. எடுத்த ஒன்பது பேரில் எங்கள் கடைக்கு வந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களில் ஒருவர் திண்டுக்கல்லில் லாரி ஓட்டுகிறார். ஒரு பிடி பிடித்தார் பாருங்கள்: "ஓஹோ, நீங்கதானா அது? பாவாடை வாங்கினதுக்கு நன்றின்னு அனுப்புறீங்களே, என் பொண்டாட்டி ரெண்டு நாள் சோறு போடல, தெரியுமா?"

மன்னிப்புக் கேட்டேன். போனை வைத்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை மாதிரி ஏதோ வந்தது.

அங்கேயும் பெண்கள் நம்பர் கொடுப்பதில்லை. கவுண்டரில் இருப்பவர்கள் வாய்க்கு வந்த பத்து இலக்கத்தைத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் புது நம்பர், என் டிஸ்டிங்க்ட் கவுண்டுக்கு ஒவ்வொன்றும் ஒரு புது ஆள். இல்லாத ஆட்களை வைத்து அது முதலிடம். இருக்கிற ஆட்களைக் காப்பாற்றியதற்காக சங்கரன்கோவில் கடைசி. எண்ணும் முறையில் ஒரு தப்பும் இல்லை. எதை எண்ணச் சொன்னேன் என்பதில்தான்.

ஜூன் 28, வெள்ளி

நோட்டு முடிந்தது. பிவட் போட்டேன். வரியில் பெண்கள், மேலே மாதங்கள், அதே டிக், அதே டிஸ்டிங்க்ட் கவுண்ட்.

சங்கரன்கோவில், ஒரு வருடம்: 3,127 பேர்.

ஒரு சிறிய காரியமும் செய்தேன். கம்பெனி டேட்டாவில் என்னைத் தேடினேன். என் நம்பரை அடித்தேன். ஒன்றும் இல்லை. பதினோரு வருடம் இங்கே வேலை, எனக்கு ஓர் உள்ளாடைகூட வேறு கடையில் எடுத்ததில்லை. இவர் நம்பரை அடித்தேன். இருபத்துமூன்று பில். டேட்டாவில் இருக்கிற மூன்று வருடக் கணக்குப்படி என் வீட்டுக்காரர் ஞானசேகர் உள்பாவாடை வாங்கிக்கொண்டிருக்கிறார். நான் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை.

அந்த ஷீட்டை மூடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 1, திங்கள்

மீட்டிங்குக்கு நான்கு நோட்டையும் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன்.

தயாளன் சார் முதல் நோட்டைப் பிரித்து, "'சிரிச்சுக்கிட்டே இருக்கிற சித்தி'. சார், இதெல்லாம் ஒரு கஸ்டமரா?" என்று உரக்கப் படித்துச் சிரித்தார். சேல்ஸ் பையன்கள் இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் எழுதியிருந்த அளவையும் படிக்கப் போனார். நான் நோட்டைப் பிடுங்கினேன். ஆம், பிடுங்கினேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"யாரும் இதைச் சத்தமா படிக்கக் கூடாதுன்னுதான் சார் இந்த நோட்டே வச்சிருக்காங்க."

"நம்பர் இல்லாத கஸ்டமருக்கு ஆஃபர் மெசேஜ் எப்படிம்மா அனுப்புறது?"

"அனுப்பாதீங்க. மெசேஜ் அனுப்பாமலே வருஷத்துக்கு நாலஞ்சு தடவை வர்றாங்க. அனுப்பினாத்தான் வரமாட்டாங்க."

முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 643 இருந்த இடத்தில் 3,127. பைபாஸ் ரோடுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். லாரிக்காரர் கதையைச் சொன்னேன். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு முதலாளி கேட்டார், மெதுவாகத்தான். "நம்பர் இல்லாம பில் போடக் கூடாதுன்னு யாரும்மா கொண்டுவந்தது? தயாளனா?"

தயாளன் சார் என்னைப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், படிக்காமல் போட்டிருப்பார், மறுக்கவும் முடியாது.

"நான்தான் சார். காலி வரி வருதுன்னு. மாரிக்கனி அப்பவே எழுதினாங்க, நான் படிக்காம பதில் போட்டேன். மெமோ கொடுக்கறதா இருந்தா எனக்குக் கொடுங்க."

மெயிலைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். கொடுத்தேன். ஒன்றரைப் பக்கத்தையும் படித்தார். என் ஒற்றை வரிப் பதிலையும் படித்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

யோசிக்க என்ன இருக்கிறது? மூன்றாயிரம் பெண்கள் இருக்கிறார்கள், இதோ வரி வரியாக இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன யோசனை?

ஜூலை 3, புதன்

தகவல் இல்லை. மாரிக்கனி கூப்பிட்டாள். "அக்கா, நோட்ட எப்ப தருவிய? எல்லார்ட்டயும் அளவு கேக்க வேண்டியிருக்கு, சங்கடப்படுதாவ." வேலை போகுமா என்று கேட்கவில்லை. நோட்டைத்தான் கேட்டாள்.

இன்றைக்கே கூரியரில் அனுப்பினேன். அனுப்பும் முன் என் ஷீட்டிலிருந்து அளவு இருந்த பத்தியை அழித்தேன். எண்ணுவதற்கு அது தேவையில்லை.

ஜூலை 6, சனி

மெமோ ரத்து. சங்கரன்கோவில் ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம். இரண்டும் ஒரே மெயிலில், இரண்டு வரியில் வந்தது. எனக்குத் தனியாக ஒரு மெமோ. 'கிளையின் கடிதத்தை உரிய கவனத்துடன் பரிசீலிக்கத் தவறியமைக்காக.' தயாளன் சார்தான் டைப் பண்ணியிருக்கிறார், எழுத்தெல்லாம் குஷியாக இருக்கிறது. மடித்து டைரிக்குள் வைத்திருக்கிறேன். நியாயமாக எனக்கு வந்த முதல் மெமோ.

மாரிக்கனியிடம் சொன்னேன், இனி நம்பர் கட்டாயம் இல்லை என்பதையும். "அப்ப இனிமே எனக்கு நன்றி வராதுல்லா?" என்றாள்.

"வராது."

"பழகிப்போச்சே" என்று சிரித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தேன். கேட்டேன். "அத விடுங்கக்கா, அடுத்த தடவ வரும்போது மெதுவா வாங்க, ஒங்களுக்கும் அளவு எடுத்து எழுதிருதேன்" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

சாப்ட்வேர்காரரை உட்கார வைத்து மாற்றினேன். நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பில் வரும். மெசேஜில் பொருளின் பெயர் போகாது. "மேடம், ரெண்டு வருஷம் முன்னாடி நீங்கதான் அழுது அடம்பிடிச்சு..." என்று ஆரம்பித்தார். தெரியும், வேலையைப் பாருங்கள் என்றேன். கொஞ்சம் கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஜூலை 12, வெள்ளி

பிரஷர் 130/86. டாக்டர் அம்மா, "எழுதறீங்களா?" என்றார். எழுதுகிறேன் என்றேன். கத்தவும் ஆரம்பித்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மூன்று நாள் டேட்டாவில் பிவட் போட்டுப் பார்த்தேன். காலி வரி திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏழு கிளையிலும். தயாளன் சார் எட்டிப் பார்த்து, "இதை ஃபில்டர் பண்ணி எடுத்துரும்மா, அசிங்கமா இருக்கு" என்றார். இருக்கட்டும் சார் என்றேன். எதற்கு எடுக்க வேண்டும்? இருப்பதிலேயே உண்மையான வரி அதுதான்.

ஆபீஸ் விட்டு வரும் வழியில் டவுன் ஹால் ரோடு கிளையில் நுழைந்தேன். மூன்று எடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண், "நம்பர் சொல்லுங்கக்கா" என்றாள். ஒன்பது எட்டு நான்கு என்று வாய் தன்பாட்டுக்கு இவர் நம்பரைச் சொல்லத் தொடங்கிவிட்டது. பதினாறு வருடப் பழக்கம். நிறுத்தினேன்.

"வேண்டாம்மா. காலியா விடு."

அவள் எண்டரைத் தட்டினாள். பில் வந்தது.

சாயங்காலம் இவர் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையோடு அவர் எதிரேதான் உள்ளே போனேன். தலை நிமிரவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவருக்கு எதுவும் வந்திருக்கவில்லை.

நாளை காலை பிவட்டைப் புதுப்பித்தால் டவுன் ஹால் ரோடு கிளையின் காலி வரியில் ஒன்று கூடியிருக்கும். அது யாரென்று தயாளன் சாருக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது, எக்செல்லுக்கும் தெரியாது. பதினோரு வருடம் கழித்து இன்றைக்குத்தான் நான் எங்கள் கடைக்கு முதல்முதலாகப் போய் வந்திருக்கிறேன்.